காலடியில் ஓர் இராஜதானி

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பது வழக்கம். அதில் வியப்பு ஒன்றுமில்லை. ஒரு புறம் 2,668 அடி உயரமுள்ள மலை; மறு புறம் 217 அடி உயரமுள்ள இராஜகோபுரம். இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட மனிதன் கழுத்தை நிமிர்த்தாமல் வேறு என்ன செய்வான்? நாமும் இத்தனை வருஷ காலமாக அப்படித்தான் மாட வீதிகளைச் சுற்றி வந்திருக்கிறோம். சென்ற தடவை போயிருந்தபோதுதான், முதன் முதலாகக் குனிந்து பார்க்கும்படி நேர்ந்தது.

குனிய வைத்தது ஒரு பள்ளம். மாட வீதியிலிருந்து பிரியும் குறுகலான சந்து ஒன்றில், பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, யாத்திரிகர் விடுதி கட்டுவதற்காக அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தின் பக்கவாட்டைப் பார்த்தோம். மேலே சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த ஒரு படை. அதன் கீழே கறுத்த சாம்பல் மண். அதற்கும் கீழே வெளிறிய மஞ்சள் மண். மறுபடியும் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று. ஆள் உயரத்துக்குக் கீழே, பானை ஓடுகள் வரிசையாகப் படிந்திருந்தன. அவ்வளவையும் கூடை கூடையாய் வாரி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் என்ன, மேஸ்திரி?" என்று கேட்டோம்.

"பழைய ஓட்டாஞ்சில்லுங்க, ஐயா. இந்த ஊர் மண்ணைத் தொட்டாலே இதுதான் வரும்" என்றார் அவர்.

"மண் எங்கே போகிறது?"

"ஊருக்கு வெளியே ஒரு தாழ்வான மனை இருக்குதுங்க. அதை மேடாக்கப் போவுது."

அவர் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு இட்ட வேலை பள்ளம் தோண்டுவது. அதை ஒழுங்காகச் செய்தார். ஆயினும் அந்த லாரி சந்தைக் கடந்து திரும்பியபோது, நாம் படித்தறியாத ஒரு புத்தகத்தை யாரோ பக்கம் பக்கமாகக் கிழித்து எடுத்துப் போவது போன்ற எண்ணம் உண்டாயிற்று. அந்த எண்ணத்தின் காரணத்தையே இங்கே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கல் சொல்லும் கதை

திருவண்ணாமலை நகரின் சரித்திரம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், கோயிலைத்தான் நாம் கைகாட்டுவோம். சுமார் 25 ஏக்கர் பரப்புள்ள அந்தக் கோயிலின் சுவர்களிலும் தூண்களிலும் நூற்றுக்கணக்கான சாசனங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டுச் சோழர் காலத்திலிருந்து அவை தொடங்குகின்றன. சோழனையே சிறைப்பிடித்த காடவராயன் கோப்பெருஞ்சிங்கனின் சாசனங்கள் அங்கே உண்டு. ஹொய்சளர், விஜயநகர மன்னர், நாயக்கர் ஆகியோருடையவையும் உண்டு. கிருஷ்ணதேவராயர் இராஜகோபுரத்தை எழுப்பத் தொடங்கியதையும், ஆயிரக்கால் மண்டபம் கட்டியதையும், குளம் வெட்டியதையும் கல்லே நமக்குச் சொல்கிறது. கோபுரத்தைப் பின்னர் முடித்து வைத்தவர் தஞ்சை நாயக்கர் சேவப்பர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இக்கோயிலின் சாசனங்களையும் கட்டடங்களையும் சிற்பங்களையும் நுணுகி ஆராய்ந்து, 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் பல பாகங்கள் கொண்ட நூலாகவே வெளியிட்டிருக்கிறது.

இவ்வளவு இருக்கும்போது மண்ணைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் யார் என்று சற்று யோசித்துப் பாருங்கள். ஏதேனும் கொடுத்தவர்கள், அல்லது கொடுத்ததைக் காக்க ஒப்புக்கொண்டவர்கள். ஒருவர் நந்தா விளக்கு எரிப்பதற்கு ஆடுகள் விடுகிறார். ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு என்பது தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரு வழக்கு. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்று கல் விதிக்கிறது. அந்த இடையன் எந்தத் தெருவில் வசித்தான்? கூரை வீடா, ஓட்டு வீடா? அவன் மனைவி எந்தப் பானையில் சோறு ஆக்கினாள்? அவன் குழந்தைகள் எதை வைத்து விளையாடினார்கள்? இவற்றில் ஒன்றையும் கல் சொல்லாது. சொல்வது அதன் வேலையும் அல்ல. தர்மம் செய்தவர் பெயர் சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே அது வெட்டப்பட்டது.

பொறிப்பதற்குப் பெரிய சாசனம் இல்லாவிட்டாலும், ஜனங்கள் வாய்மொழியாகச் சிலரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில், செங்கத்துக்கு அருகிலுள்ள சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாள் என்னும் பெண்மணி வீடு வீடாகப் பொருள் திரட்டி அக்கோபுரத்தைக் கட்டி முடித்தாள் என்பது ஊரறிந்த வரலாறு. ஆனால் அம்மணி அம்மாளைப் போல் நினைக்கப்படுபவர் எத்தனை பேர்? கோபுரத்துக்குக் கல் சுமந்தவன், சுண்ணாம்பு அரைத்தவள், இரும்பு உளியைக் காய்ச்சிக் கூராக்கிய கொல்லன் ஆகியோர் அனைவரும் இந்த ஊர் மண்ணில்தான் இருக்கிறார்கள்.

வல்லாளனின் பட்டணம்

சாதாரண ஜனங்கள் இருக்கட்டும். ஓர் அரசனின் தலைநகரே இந்த ஊரில் மறைந்துபோயிருக்கிறது.

ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் 1291-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்தவன். கன்னட நாட்டிலுள்ள துவாரசமுத்திரம் அவனுடைய முன்னோரின் தலைநகர். 1311-இல் மாலிக் காபூரின் டில்லிப் படை அந்நகரைத் தாக்கியது. 1327-ஐ ஒட்டி மறுபடியும் பேரழிவு நேர்ந்தது. அதன் பிறகு வல்லாளன் தெற்கே வந்து திருவண்ணாமலையைத் தன் இராஜதானியாக்கிக்கொண்டான். 'உண்ணாமலை'யிலிருந்து அவன் அரசாண்டதாகச் சாசனங்கள் கூறுகின்றன. மதுரையில் அப்போது சுல்தான்களின் ஆட்சி புதிதாக ஏற்பட்டிருந்தது. 1342-இல், கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்ட வல்லாளனை மதுரை சுல்தான் கியாசுதீன் திடீரென்று தாக்கிச் சிறைப்பிடித்துக் கொன்றான். கிழவனான அந்த மன்னனின் உடல் தோலுரிக்கப்பட்டு, வைக்கோல் அடைக்கப்பட்டு, மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டிருந்ததைத் தாமே கண்டதாக மொராக்கோ தேசத்து யாத்திரிகர் இபின் பதூதா எழுதி வைத்தார். அவர் சுல்தானுக்கு உறவினர்; அவனுடைய விருந்தாளி. அப்படியிருந்தும் கண்டதை மறைக்காமல் எழுதியது சரித்திரத்துக்கு ஒரு பேறு.

ஆக, வல்லாளனுடைய ஆட்சியைக் கல் சொல்கிறது; மரணத்தை யாத்திரிகர் சொல்கிறார். நடுவே அவனுடைய நகரம் எங்கே? கோயிலுக்குள் வல்லாள மகாராஜா கோபுரம் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் அவன் வாழ்ந்த அரண்மனை எதுவும் நம் கண் முன் நிற்கவில்லை. பதினான்கு பதினைந்து வருஷ காலம் ஓர் அரசன் ஓர் ஊரில் இருந்து ஆண்டான் என்றால், அங்கே குதிரை லாயங்கள் இருந்திருக்க வேண்டும். படைவீரர் குடியிருப்புகள் இருந்திருக்க வேண்டும். கன்னடம் பேசுகிறவர்கள் கடை வீதியில் தமிழரோடு பேரம் பேசியிருக்க வேண்டும். அவர்கள் சமையலுக்கும் நீருக்கும் பயன்படுத்திய பாண்டங்கள் உடைந்து எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். உடைந்த பாண்டம் மக்கிப் போவதில்லை. பானை ஒன்றுதான் உடைந்த பிறகும் ஆயிரம் வருஷம் இருக்கும் சொத்து.

மாளிகைமேடு தந்த சாட்சி

மறைந்த இராஜதானி ஒன்றை மண்ணிலிருந்து மீட்பது இயலுமா? இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. அதற்காகத் திருவண்ணாமலையிலிருந்து தெற்கே, அரியலூர் ஜில்லாவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நேயர்களை அழைத்துச் செல்கிறோம்.

முதலாம் இராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டி நிறுவிய அந்த நகரம் சுமார் இருநூற்றைம்பது வருஷங்கள் சோழ சாம்ராஜ்யத்தின் தலைநகராக இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழர் வீழ்ந்ததும் நகரமும் வீழ்ந்தது. இன்று அங்கே பெரிய கோயில் ஒன்று நிற்கிறது. சுற்றிலும் சிறு கிராமங்கள். ஆனால் அந்தக் கிராமங்களின் பெயர்களைக் கேளுங்கள்: உட்கோட்டை, ஆயுதகளம், மெய்க்காவல்புத்தூர், கடாரங்கொண்டான், மாளிகைமேடு. கோட்டையும் ஆயுதசாலையும் மெய்காவலரும் மாளிகையும் போய்விட்ட பின்னும், பெயர்கள் மட்டும் ஏர் உழுகிறவர்கள் நாவில் எழுநூறு வருஷம் உயிரோடிருந்தன. சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்ட சோழன் திருமாளிகை என்று அரண்மனைகளைச் சாசனங்கள் குறிப்பிட்டன. கல்லின் பேச்சும் ஊராரின் பேச்சும் ஒரே மேட்டைச் சுட்டிக்காட்டின. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1980-81-இல் மாளிகைமேட்டில் மண்வெட்டியை வைத்தது.

கிடைத்தது என்ன? மூன்றரை அடிக்கும் அதிகமான கனமுள்ள செங்கல் சுவர்கள். வரிசையாக நாட்டிய கருங்கல் தூண் பீடங்கள். குவியல் குவியலாகக் கூரை ஓடுகள். அந்த ஓடுகளைத் தாங்கிய மரச் சட்டங்களில் அறைந்த இரும்பு ஆணிகள். இவற்றை வைத்தே, அரண்மனை செங்கல்லாலும் மரத்தாலும் கட்டி ஓடு வேய்ந்தது என்று அறிந்தார்கள். கல்லைச் சுவாமிக்கு வைத்துவிட்டு, அரசன் தான் ஓட்டுக் கூரையின் கீழ் இருந்தான்! அதனால்தான் கோயில் நிற்கிறது, மாளிகை நிற்கவில்லை. வல்லாளனின் கோபுரம் நிற்பதற்கும் அரண்மனை காணாமற் போனதற்கும் இதுவே காரணமாயிருக்கலாம் அல்லவா?

தந்தத்தால் செய்த பொருள்கள், கண்ணாடி வளையல் துண்டுகள், மணிகள், செப்புக் காசுகள் ஆகியவையும் கிடைத்தன. எல்லாவற்றிலும் நம் மனத்தைக் கவர்வன சீன தேசத்துப் பீங்கான் ஓடுகள். சோழ மன்னர் சீனத்துக்கு அனுப்பிய தூது கோஷ்டிகள் 1015, 1033, 1077 ஆகிய வருஷங்களில் அங்கே போய்ச் சேர்ந்ததைச் சீனரின் ஏடுகள் கூறுகின்றன. தூது சென்றதை ஏடு சொல்கிறது. கப்பலில் திரும்பி வந்த பீங்கான் கிண்ணம் மாளிகையில் புழங்கியதையும், ஒரு நாள் கை தவறி உடைந்ததையும் மண் சொல்கிறது. அகழ்வு வேலை 2021 முதல் மறுபடியும் அங்கே நடைபெற்றது. 2022-இல் செம்பும் தங்கமும் கலந்த ஒரு காப்பும் கிடைத்தது.

இதில் வருத்தமான ஒரு பகுதியும் உண்டு. மண்வெட்டி ஏந்திய ஆராய்ச்சியாளர்கள் வருவதற்கு முன்பே, தலைமுறை தலைமுறையாக அங்கே செங்கல்லைத் தோண்டி எடுத்து வீடு கட்டியிருக்கிறார்கள். ஏழைக் குடியானவன் செங்கல் எடுத்தது இருக்கட்டும். ஆங்கிலேய சர்க்காரே 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் பெரிய மதிலை இடித்துக் கல் எடுத்தது. எதிர்த்த ஊரார் தண்டிக்கப்பட்டார்கள் என்றும், இடித்த மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை என்றும் 1855-இல் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று கூறுகிறது. அணையினால் வயல்கள் விளைந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் தேசத்தின் மலைகளில் கல்லுக்குப் பஞ்சம் ஏற்பட்டுவிடவில்லையே! அந்நாளில் எதிர்த்து நின்ற பெயர் தெரியாத கிராமத்தார் நம் வணக்கத்துக்கு உரியவர்கள்.

மண்ணை வாசிக்கும் விதம்

அகழ்வு ஆராய்ச்சி என்றால் புதையல் தேடுவது என்று பலர் எண்ணுகிறார்கள். புதையல் தேடுகிறவன் பொருளை எடுத்துக்கொண்டு மண்ணை எறிகிறான். ஆராய்ச்சியாளனுக்கோ பொருளைக் காட்டிலும் அது கிடந்த இடமே முக்கியம்.

சதுரமாக ஒரு குழி அளந்து, விரற்கடை விரற்கடையாக மண்ணைச் சுரண்டுகிறார்கள். மண்ணின் நிறம் மாறினால் நிறுத்தி விடுகிறார்கள். ஏனென்றால், நிறம் மாறும் இடத்தில் ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் தொடங்குகிறது. எடுத்த மண் முழுவதையும் சல்லடையில் சலிக்கிறார்கள். மணியும் ஊசியும் மீன் முள்ளும் சல்லடையில்தான் அகப்படும். ஒவ்வொரு பொருளும் எந்தக் குழியில், எத்தனை ஆழத்தில், எந்தப் படையில் கிடைத்தது என்று குறித்துக்கொள்கிறார்கள்.

இதன் நியாயம் மிகவும் எளியது. நம் வீட்டுப் பெட்டியின் அடியில் பாட்டியின் சேலை. அதன் மேல் அம்மாவின் சேலை. எல்லாவற்றுக்கும் மேலே சென்ற தீபாவளிச் சேலை. யாரும் கலைக்காதவரை கீழே இருப்பது பழையது. மண்ணும் அப்படியே. ஒரு படையில் 1964-ஆம் வருஷத்துக் காசு கிடந்தால், அந்தப் படை 1964-க்கு முன்னால் படிந்திருக்க முடியாது. சோழர் காசு, சீனப் பீங்கான், அடுப்புக் கரி இவையெல்லாம் தத்தம் படைக்குக் காலம் குறித்துக் கொடுக்கின்றன. செங்கல் திருடிய பள்ளங்கூட வீணாவதில்லை. சுவர் இருந்த இடத்தில் செங்கல்லை எடுத்துவிட்டால், அந்த நீண்ட பள்ளத்தில் வேறு நிற மண் வந்து நிரம்புகிறது. சுவர் போன பிறகும் சுவரின் நிழல் மண்ணில் தங்குகிறது.

ஆனால் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டிவிட்டால்? பாட்டியின் சேலை எது, பேத்தியின் சேலை எது என்று யார் சொல்வது? சந்தில் நாம் கண்ட லாரி செய்த காரியம் அதுதான். ஓடுகள் எங்கும் போய்விடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மனைக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றின் வரிசை போய்விட்டது. வரிசை போனால் சாட்சியமும் போயிற்று.

ஒரு சிறுவனின் பாடம்

சாமானிய ஜனங்களின் வாழ்க்கையை மண் எவ்வளவு தூரம் காட்ட வல்லது என்பதற்கு ருஷ்ய தேசத்து நவ்கரோத் நகரம் சிறந்த உதாரணம். அங்கே 1932 முதல் அகழ்வு வேலை நடந்து வருகிறது. சேறு நிறைந்த ஊராகையால், தெருவுக்கு மரக்கட்டை பாவியிருந்தார்கள். கட்டை அமிழ்ந்ததும் அதன் மேல் புதிதாகப் பாவினார்கள். பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரை இப்படி ஒரே தெருவில் ஒன்றின் மேல் ஒன்றாக 28 படைகள்! 1951 ஜூலை மாதத்தில் அந்த மண்ணிலிருந்து பூர்ஜ மரப்பட்டையில் கீறி எழுதிய கடிதம் ஒன்று வெளிவந்தது. இதுவரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. கடன் கேட்பவர், வீட்டுக்குச் சாமான் வாங்கி வரச் சொல்பவர், வழக்கு உரைப்பவர் என்று ஊர் முழுவதும் அவற்றில் பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுத்துப் பயின்ற ஓன்ஃபிம் என்னும் சிறுவன், பாடம் எழுதி அலுத்துப்போய், குதிரை மீதேறி எதிரியைக் குத்தும் வீரனாகத் தன்னையே படம் வரைந்து பெயரும் எழுதி வைத்திருக்கிறான்! அரசர்கள் எத்தனையோ பேரை மறந்துவிட்ட உலகம் அந்தக் குழந்தையை இன்று அறியும்.

நம்முடைய வெயிலிலும் கரையானிலும் ஓலை அவ்வளவு காலம் தாங்காது. அதனால் நமக்கு அத்தகைய கடிதங்கள் கிடைப்பது அரிது. ஆனால் அகல் விளக்கும், வட்டாகச் செதுக்கிய சில்லும், வளையல் துண்டும் தாங்கும். பாண்டி விளையாடிய ஒரு பெண் குழந்தையின் சில்லைப் பார்த்து, இது அவளுடைய கடிதம் என்று வைத்துக்கொண்டால் தவறு என்ன?

குடியிருக்கும் ஊரைத் தோண்டலாமா?

கங்கைகொண்ட சோழபுரம் கைவிடப்பட்ட நகரம். 1565-க்குப் பின் பாழான விஜயநகரமும் அப்படியே. அங்கேயும் தோண்டத் தோண்ட அரண்மனைகளின் அடித்தளங்களும், அழகிய படிகள் அமைந்த குளமும் வெளிப்பட்டன. திருவண்ணாமலையோ உயிருள்ள நகரம். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான ஜனங்கள் மலையை வலம் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று சொல்லவே வேண்டாம். குடியிருக்கிற வீட்டை இடித்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று புத்தியுள்ள எவரும் சொல்ல மாட்டார்கள்.

ஆயினும் உயிருள்ள ஊர் தன்னைத் தானே தோண்டிக்கொண்டே இருக்கிறது. விடுதிக்கு ஒரு பள்ளம், சாக்கடைக்கு ஒரு பள்ளம், குடிநீர்க் குழாய்க்கு ஒரு பள்ளம். நாம் கேட்பது புதிதாகத் தோண்ட வேண்டும் என்பதல்ல. தோண்டுகிற இடத்தில் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதுதான். இங்கிலாந்தில் 1990 முதல், பழமையான இடத்தில் கட்டடம் எழுப்ப அனுமதி கேட்பவர், அடியில் இருப்பதை ஆராய்ந்து குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதை நகர நிர்வாகங்கள் விதியாக்கின. அதனால் கட்டடங்கள் நின்றுவிடவில்லை. சில வாரம் தாமதம். அதற்கு ஈடாக ஒரு நகரின் சரித்திரம்.

நம் ஊரில் நடந்த ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2002-இல் மத்திய சர்க்காரின் தொல்லியல் துறை திருவண்ணாமலைக் கோயிலைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள முற்பட்டது. பக்தர்களும் ஊராரும் பலமாக எதிர்த்தார்கள். நித்திய பூஜை நடக்கும் கோயில் கண்காட்சிச் சாலையாகிவிடுமோ என்று அவர்கள் அஞ்சியது இயற்கையே. பிற்பாடு அந்த முயற்சி கைவிடப்பட்டது. கோயில் இந்து அறநிலையத் துறையின் நிர்வாகத்திலேயே இருந்து வருகிறது. அதைப் பற்றி நாம் வழக்காட வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். எங்கள் கோயிலை நாங்களே காத்துக்கொள்வோம் என்று சொன்ன ஊர், கோயிலைச் சுற்றியுள்ள மண்ணையும் தானே காக்க வேண்டும் அல்லவா? உரிமையைக் கேட்டுப் பெற்றவர்களிடம்தான் கடமையையும் கேட்க முடியும்.

குடும்பஸ்தர் செய்யக்கூடியது

காரியம் பெரிதன்று. உங்கள் மனையில் அஸ்திவாரம் தோண்டும்போது, பழைய செங்கல் சுவரோ, உறை கிணறோ, எழுத்துள்ள கல்லோ, அடுக்கடுக்காய்ப் பானை ஓடுகளோ தென்பட்டால், வேலையை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். பொருளைப் பிடுங்கி எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். கிடந்த நிலையிலேயே ஒரு படம் எடுத்து, எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்த் தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவரை அழைத்துக் காட்டினால், இருபது பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். அவர்களில் ஒருவனாவது நாளை ஆராய்ச்சியாளன் ஆவான்.

காசோ நகையோ விக்கிரகமோ கிடைத்தால் சர்க்கார் பறித்துக்கொள்ளும் என்ற பயத்தினாலேயே பலர் மறைக்கிறார்கள்; சிலர் உருக்கியும் விடுகிறார்கள். சட்டத்தில் இருப்பதை அறிந்தால் அந்தப் பயம் குறையும். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் மறைப்பதுதான் குற்றம். புதையலுக்கு வேறு உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்கு உடையவருக்கு ஒரு பங்கும் என்று அந்தச் சட்டம் வகுக்கிறது. சர்க்கார் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அறிவிப்பவர் இழப்பதைவிட உருக்குகிறவர் இழப்பதே அதிகம். அவர் இழப்பது தம்முடையது மாத்திரமன்று, ஊருடையது.

மேஸ்திரிகளுக்கும் கூலியாட்களுக்கும் இதை எடுத்துச் சொல்வது வீட்டுக்காரர் பொறுப்பு. கடப்பாரை பிடித்த கைக்குத்தான் முதலில் தெரியும். "ஐயா, இங்கே ஏதோ இருக்குதுங்க" என்று அந்த மனிதர் சொல்லும்போது, "அதெல்லாம் கிடக்கட்டும், வேலையைப் பாரப்பா" என்று நாம் சொல்லாதிருந்தால் போதும்.

மாசி மாதத்துத் திதி

வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை என்றும், அண்ணாமலையாரே அவனுக்குக் குழந்தையாக வந்தார் என்றும் புராணம் கூறும். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் அக்கதை வருகிறது. வருஷந்தோறும் மாசி மாதத்தில் சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதியில் தீர்த்தவாரி கண்டு, மகன் முறையில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். அறுநூற்றெண்பது வருஷங்களுக்கு முன் அந்நிய ஊரில் மாண்ட ஓர் அரசனுக்கு, இன்றும் ஓர் ஊர் கூடி நின்று எள்ளும் நீரும் இறைக்கிறது.

இவ்வளவு நினைவாற்றல் படைத்த ஜனங்கள் நாம். இறந்தவரை மறப்பது நம் வழக்கமன்று. அந்த அரசனின் லாயத்தில் குதிரைக்குப் புல் இட்டவனும், அவன் படைக்குச் சோறு வடித்தவளும் நம் காலடியில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திதி கொடுக்க யாரும் ஏற்படவில்லை. அவர்களுடைய பானை ஓட்டைக் கையில் எடுத்து, இது யாருடையது என்று ஒரு நிமிஷம் நின்று கேட்பதே அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய தர்ப்பணம்.

அடுத்த பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை செல்கிற நேயர்கள் மலையைப் பாருங்கள், கோபுரத்தைப் பாருங்கள். வழியில் எங்கேனும் பள்ளம் தோண்டியிருந்தால், கொஞ்சம் குனிந்து அதையும் பாருங்கள்.